ஓடிவிட்டு வந்த பிள்ளைக்கு எப்போது, எவ்வளவு சாப்பாடு? உடல் பருமனான பதின்வயதினரின் உடற்பயிற்சியும் பசியும்: முழுமையான வழிகாட்டி

"காலையில ஓட விட்டா மத்தியானம் இன்னொரு தட்டு சோறு கேக்கறான். அப்புறம் ஓடி என்ன பிரயோஜனம்?"

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எடை கூடிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. மானாவாரிக் காட்டில் உழைத்து வந்தவர் இரண்டு உருண்டை களி கேட்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த ஊர் இது. ஆனால் உடல் பருமனான பதின்வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. சரியான நேரத்தில், போதுமான வேகத்தில் செய்த பயிற்சி பொதுவாக அடுத்த வேளைச் சாப்பாட்டைக் கூட்டுவதில்லை. பல பிள்ளைகளிடம் குறைக்கவே செய்கிறது. சாப்பாடு கூடுகிறதென்றால் பெரும்பாலும் அது பயிற்சி முடிந்த கையோடு வீட்டார் நீட்டும் போண்டாவால்தான்.

12 முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பிள்ளையே படித்தாலும் நல்லதுதான். இதில் எந்த இடத்திலும் பட்டினி கிடையாது.

பயிற்சி பசியை என்ன செய்கிறது?

பசிக்குச் சில சேதிக்காரர்கள் உண்டு. இரைப்பையிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து "சாப்பிடு" என்று மூளைக்குச் சொல்லும். சாப்பாடு குடலுக்கு இறங்கியதும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டும் "போதும்" என்று சொல்லும். உடம்பில் சேர்ந்த கொழுப்பிலிருந்து வரும் லெப்டின், கையிருப்பு எவ்வளவு என்று நீண்ட காலக் கணக்கை மூளைக்குத் தெரிவிக்கும். உடல் பருமனில் லெப்டின் நிறையவே சுரக்கிறது. ஆனால் மூளைக்கு அது சரியாக உறைப்பதில்லை. அதனால்தான் "இவ்ளோ சாப்ட்டும் இவனுக்கு அடங்கலையே" என்ற பேச்சு. பிள்ளை பேராசைக்காரன் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு வாங்கும்படி பயிற்சி செய்யும்போது கிரெலினின் செயல்படும் வடிவம் தற்காலிகமாக இறங்குகிறது. பிஒய்ஒய், ஜிஎல்பி-1 இரண்டும் ஏறுகின்றன. குடலுக்குப் போகிற ரத்தத்தில் ஒரு பங்கு தசைகளுக்குத் திரும்பிவிடுகிறது. ஓடி முடித்த உடனே யாருக்கும் சோறு இறங்காததற்கு இவையெல்லாம் காரணம்.

பதின்வயதினரிடம் இதைக் கவனமாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் பிரான்ஸைச் சேர்ந்த டேவிட் திவெல். 2012-இல் வெளிவந்த அவர் குழுவின் ஆய்வில், உடல் பருமனான 15 சிறுவர்களை மூன்று தனித்தனி நாள்களில், செலவாகும் ஆற்றலை அளக்கும் மூடிய அறையில் 24 மணி நேரம் தங்கவைத்தார்கள். ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் மெதுவான பயிற்சி. ஒரு நாள் கடுமையான பயிற்சி, அதாவது உடம்பால் இழுக்க முடிந்த அதிகபட்ச ஆக்சிஜனில் 75 சதவீத அளவில். மெதுவான நாளிலும் கடுமையான நாளிலும் எரிந்த கலோரி ஒன்றாக இருக்கும்படி நேரத்தை மாற்றி வைத்தார்கள். பிறகு மதியமும் இரவும் வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். மெதுவான நாளில் சாப்பாட்டில் மாற்றமில்லை. கடுமையான நாளில் அவர்களாகவே குறைவாகச் சாப்பிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று. "எவ்வளவு பசிக்கிறது?" என்று கேட்டபோது மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வந்தது. பசி குறைந்ததாகப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை, தட்டில்தான் தெரிந்தது. ஆகவே ஓடிவிட்டு வந்த பையன் "பசிக்குதும்மா" என்று சொன்னால் அது பொய்யில்லை. அதற்காக வழக்கத்தைவிட அதிகம் வேண்டும் என்றும் அர்த்தமில்லை.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான பிள்ளைகளிடம் இந்தக் குறைவு இவ்வளவு தெளிவாக வருவதில்லை. பெண் பிள்ளைகளிடம் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. பயிற்சிக்குப் பிறகு கூடுதலாகச் சாப்பிடும் பிள்ளைகளும் நிஜமாகவே உண்டு. உங்கள் பிள்ளை எந்த வகை என்பது நீங்கள் கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டியது.

படி 1: முதலில் மருத்துவரைப் பாருங்கள்

பதின்வயதில் உடல் பருமனை வெறும் எடையை வைத்துச் சொல்ல முடியாது. உயரம், வயது, ஆணா பெண்ணா எல்லாம் சேரும். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் பிஎம்ஐ (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) கோடுகள் இருக்கின்றன. பெரியவர்களின் 23-க்கு இணையான கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 27-க்கு இணையான கோட்டைத் தாண்டினால் உடல் பருமன். அந்தந்த வயதுக்கான கோட்டை மருத்துவர் வரைபடத்தில் காட்டுவார். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது. இதற்காகச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டியதில்லை.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. கழுத்துப் பின்புறமும் அக்குளும் கறுத்து வெல்வெட் போலத் தடித்திருந்தால், தேய்த்துக் குளிக்காததால் வந்த அழுக்கு என்று திட்டாதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. இரவில் பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் திணறல். பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போவது. வலிப்புக்கோ மனநலத்துக்கோ மாத்திரை சாப்பிடுவது. சில மாத்திரைகள், குறிப்பாக வால்ப்ரோயேட், பசியையும் எடையையும் கூட்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

இவற்றில் அவசரமானது ஒன்று: எடை கூடிய பிள்ளை இடுப்பு, தொடை, முழங்கால் என்று எங்காவது வலி சொல்லி நொண்டி நடந்தால், தைலம் தேய்த்து நடைப்பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். தொடை எலும்பின் மேல் முனை வளர்ச்சித் தட்டில் வழுக்கி விலகுவது இந்த வயதில், இந்த எடையில் வரக்கூடியது. வலி முழங்காலில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும். அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படி 2: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எழுத வேண்டியவர் பிள்ளை. அம்மா எழுதினால் அது போலீஸ் விசாரணை ஆகிவிடும். சாப்பிடும் முன் பசிக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், சாப்பிட்டது என்ன, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் என்ன செய்தான். அவ்வளவுதான். கலோரிக் கணக்கு வேண்டாம். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

மாலை 4.45: வேனில் இறங்கினேன். பசி 7. டீ, இரண்டு போண்டா.
5.30 – 7.30: ட்யூஷன்.
7.45: போன் பார்த்தேன். பசி 3. நிப்பட்டு (தட்டை) நாலு.
8.45: பசி 4. தோசை நாலு, தேங்காய்ச் சட்னி.
10.30: படித்தேன். பசி 2. பிஸ்கட்.

இந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். 4.45-க்கு வந்தது நிஜப் பசி. காலையில் அவசரத்தில் அரைகுறையாகத் தின்றுவிட்டு, மதிய டப்பாவை 12.30-க்கு முடித்த பிள்ளைக்கு அது வந்தே தீரும். 7.45-க்கும் 10.30-க்கும் சாப்பிட்டது பசிக்கு இல்லை. நாம் கை வைக்க வேண்டிய இடம் இந்த இரண்டும்தான். பல வீடுகளில் இதைப் பார்க்காமலே காலை இட்லியில் ஒன்றைக் குறைத்துவிட்டு, மாலையில் பிள்ளை இரண்டு மடங்கு சாப்பிடுகிறான் என்று அங்கலாய்க்கிறார்கள்.

படி 3: பயிற்சியைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பயிற்சியால் பசி அடங்கும் நேரம் குறுகியது. பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் போய்விட்டால் பலன் கரைந்துவிடுகிறது. முடித்து அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் முறையான சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பள்ளி நாளில் இதற்கு இரண்டு இடம்தான் இருக்கிறது. காலை 6-லிருந்து 6.45, பிறகு குளியல், 7.30-க்குச் சாப்பாடு. அல்லது மாலை 6.30-லிருந்து 7.15, எட்டு மணிக்குள் இரவுச் சாப்பாடு. காலை எழ முடியாத பிள்ளையை அடித்து எழுப்பாதீர்கள். தூக்கத்தைத் திருடிச் செய்யும் பயிற்சியால் பசி கூடுகிறது, காரணம் கீழே வருகிறது. மாலையே போதும்.

மாலை என்றால் 4.45 பசிக்கு வழி சொல்ல வேண்டும். அதை அடக்கச் சொல்லாதீர்கள். ஒரு கிண்ணம் சுண்டலோ, அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியோ, ஒரு கொய்யாவோ கொடுங்கள். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் அவரைப் பருவத்தில் அவித்த அவரைக்கொட்டை கிடைக்கும். அதைவிட நல்ல மாலைத் தீனி எனக்குத் தெரியாது. அதற்கு ஒன்றரை மணி கழித்துப் பயிற்சி, அதன்பின் நேராக இரவுச் சாப்பாடு. ட்யூஷன் 7.30 வரை இருந்தால், ட்யூஷனுக்குச் சைக்கிளில் போய் வருவதே பயிற்சி. போகும்போது நிதானம், வரும்போது வேகம்.

மார்ச் முதல் ஜூன் வரை தருமபுரி வெயிலில் பத்து மணிக்கு மேல் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். எடை கூடிய உடம்பு சீக்கிரம் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு அந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

படி 4: வேகத்தை மெல்ல ஏற்றுங்கள்

மெதுவான நடை உடம்புக்கு நல்லது, ஆனால் சாப்பாட்டின் அளவை மாற்ற அது போதாது என்று மேலே பார்த்தோம். அதற்காக 85 கிலோ பையனை முதல் நாளே ஓடவிட்டால் மூட்டு வலிக்கும், நண்பர்கள் சிரிப்பார்கள், மூன்றாம் நாள் போர்வைக்குள் இருப்பான்.

வேகத்தை அளக்க வாட்ச் எதுவும் வேண்டாம், பேச்சு போதும். பேச முடிகிறது, பாட்டுப் பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால் கடுமையான வேகம்.

முதல் இரண்டு வாரம் தினமும் 20 நிமிடம் மிதமான நடையோ சைக்கிளோ. மூன்றாம் வாரத்திலிருந்து அதற்கு நடுவே அரை நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம் என்று ஆறு சுற்று. அது பழகியதும் ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம், எட்டுச் சுற்று. வாரத்தில் மூன்று நாள் இந்த வேகச் சுற்று, மற்ற நாள் சாதாரணமாக. 5 முதல் 17 வயதுவரை சராசரியாகத் தினம் 60 நிமிடம், அதில் வாரம் மூன்று நாளாவது கடுமையான வேகத்தில் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. ஒரு மணி நேரத்தை ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை. பள்ளிக்கு நடப்பது, கபடி, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் கணக்கில் சேரும்.

எடை கூடியவர்களுக்கு ஏற்றது சைக்கிளும் நீச்சலும். மூட்டு எடையைத் தாங்க வேண்டியதில்லை. நீச்சல் தெரியாத பிள்ளையைக் கிணற்றுக்கோ ஏரிக்கோ தனியே அனுப்ப வேண்டாம், கூடத் தெரிந்த பெரியவர் இருக்கட்டும். கிருஷ்ணகிரிக்காரர்கள் சையத் பாஷா மலை ஏறலாம் என்பார்கள். ஏறுவது அருமையான பயிற்சி, இறங்குவது முழங்காலுக்குக் கேடு. இரண்டு மூன்று மாதம் போகட்டும்.

வாரம் மூன்று நாள் தசைக்கும் வேலை வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்குவது. "இந்த வயசுல எடை தூக்கினா வளர மாட்டான்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சரியான முறையில், அளவான எடையில் செய்தால் வளர்ச்சி தடைபடாது. மற்ற விளையாட்டுகளில் பின்தங்கும் பருமனான பிள்ளைகள் பலர் எடை தூக்குவதில் முன்னால் நிற்பார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயதுக்கு வந்ததும் சைக்கிளை வாங்கித் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வருடம் கழித்து "எட போட்டுட்டா" என்று குறை சொல்வது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. வெளியே அனுப்பத் தயக்கம் என்றால் மொட்டை மாடி இருக்கிறது, பாட்டுப் போட்டு ஆட்டம் இருக்கிறது, அம்மாவும் சேர்ந்து நடக்கலாம். மாதவிலக்கு நாளில் அவள் விருப்பம். செய்யக் கூடாது என்று எந்த மருத்துவ விதியும் இல்லை.

பள்ளியில் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது தெரிந்த கதை. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கேட்காமல் இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். மதிய உணவுக்கு முந்தைய பீரியடாக அது அமைந்தால் இன்னும் நல்லது.

படி 5: பயிற்சி முடிந்த அரை மணி நேரம்

காரியம் கெடுவது இங்கேதான். பையன் வியர்த்து வழிய வாசலில் நிற்கிறான். ஆயாவுக்கு (பாட்டிக்கு) மனசு கேட்காது. "ஏண்டி, புள்ள களைச்சுப் போய் வந்திருக்கான், ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் கலக்கிக் குடு. கடையில பஜ்ஜி போட்டிருப்பான், ரெண்டு வாங்கியாரச் சொல்லு." அப்பா பாசக்காரர் என்றால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலிருந்து வரும் வழியில் நாலு ரோட்டில் பரோட்டா. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கு நடக்கப் போன குடும்பம் மீன் வறுவல் கடையில் முடிவது எல்லாருக்கும் தெரியும்.

80 கிலோ பையன் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் எரிவது ஏறக்குறைய 150 கலோரி. ஒரு பரோட்டா அதைத் தாண்டிவிடும், சால்னாவைச் சேர்க்காமலே. 200 மில்லி குளிர்பானத்தில் சுமார் 20 கிராம் சர்க்கரை, நான்கு டீஸ்பூன். இந்தக் கணக்கு உங்களுக்கு மட்டும். பிள்ளையிடம் ஒவ்வொரு வாய்க்கும் "இது எத்தனை நிமிஷ ஓட்டம் தெரியுமா?" என்று சொல்ல ஆரம்பித்தால், சாப்பாட்டைத் தண்டனையாகப் பார்க்கும் பழக்கம் வந்து நிற்கும். பின்னால் அதைச் சரிசெய்வது எடையைக் குறைப்பதைவிடக் கஷ்டம்.

செய்ய வேண்டியது எளிது. வந்ததும் தண்ணீர் இரண்டு டம்ளர். வெயில் அதிகமென்றால் உப்புப் போட்ட நீர்மோர். ஒரு மணி நேரத்துக்குக் குறைவான பயிற்சிக்கு விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் இனிப்புப் பானம் எதுவும் தேவையில்லை. பிறகு குளியல், அப்புறம் சாப்பாடு. நடுவில் ஒன்றும் இல்லை. பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சாப்பிட முடியாத பரிசாகக் கொடுங்கள்: ஒரு பந்து, ஒரு நல்ல ஷூ, ஞாயிறு காலை மைதானத்துக்குக் கூட வரும் அப்பா.

ஆயாவிடம் தனியாகப் பேசிவிடுங்கள். பிள்ளையின் முன்னால் அவரை மறுத்தால் அன்றைக்கே இரண்டு கட்சி உருவாகிவிடும். பிள்ளைக்குத் தெரியும் எந்தக் கட்சியில் பஜ்ஜி கிடைக்கும் என்று.

படி 6: தட்டில் என்ன?

பயிற்சியால் பசி கொஞ்சம் அடங்கியிருக்கும் நேரத்தில் வயிறு நிறைந்து நிற்கும் உணவைப் போட்டால் பலன் இரட்டிப்பு. நல்லவேளையாக நம் மாவட்டங்களில் அதற்காக ஓட்ஸ் பாக்கெட் தேட வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்தும், 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கின்றன. தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை, கால்சியம் பெயரளவுக்கு. தருமபுரியில் 2023 முதல் ரேஷன் கடையிலேயே அரிசியில் ஒரு பகுதிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். அதைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் களி என்றாலே எடை குறையும் என்று நினைப்பதும் தவறு. மாவுக்கு மாவு கலோரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உழவு ஓட்டியவர் சாப்பிட்ட உருண்டையின் அளவு ட்யூஷன் போகும் பையனுக்கு வேண்டியதில்லை. அவன் கைமுஷ்டி அளவில் ஒன்று போதும். அத்தோடு களியை நாம் மெல்லுவதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். "போதும்" என்ற சேதி குடலிலிருந்து மூளைக்கு ஏற 15, 20 நிமிடம் ஆகும். விழுங்கினால் அதற்குள் மூன்றாவது உருண்டை உள்ளே போயிருக்கும். எனவே மெல்ல வேண்டியதைப் பக்கத்தில் நிறைய வையுங்கள்: கீரைப் பொரியல், முளைகட்டிய பயறு, அவரைக்காய். முதல் உருண்டை முடிந்து பத்து நிமிடம் கழித்தும் வேண்டும் என்றால் போடலாம்.

புரதம் ஒவ்வொரு வேளையும் வேண்டும். அது பசியைத் தாமதப்படுத்தும், தசையையும் காக்கும். 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம். கொள்ளு கொழுப்பைக் கரைக்கும் என்ற பேச்சை நம்பிக் கஷாயமாகக் குடிக்க வேண்டாம். கடைந்து குழம்பாகச் சாப்பிடுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம். பச்சைப்பயறு கடைசல், காராமணிக் குழம்பு, தயிர் எல்லாம் இதில் வரும்.

மாம்பழ மாதங்களில் கிருஷ்ணகிரிக்காரர்களைப் பழம் தின்னாதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஒரு நடுத்தரச் செந்தூராவைச் சாப்பாட்டோடு, கடித்துச் சாப்பிடட்டும். ஜூஸாக அடித்தால் மூன்று பழம் ஒரே டம்ளரில் போய்விடும். கடையில் விற்கும் மாம்பழப் பானத்தில் கூழைவிடத் தண்ணீரும் சர்க்கரையும்தான் அதிகம். காவேரிப்பட்டணம் நிப்பட்டு வீட்டில் இருந்தால் கண்ணில் படாத அடுக்கில் இருக்கட்டும், சனிக்கிழமை எடுத்துத் தட்டில் எண்ணி வையுங்கள். பாக்கெட்டோடு கையில் கொடுத்தால் பெரியவர்களுக்கே எண்ணிக்கை தப்பும்.

படி 7: சாப்பாட்டை வெட்டிப் பயிற்சியைக் கெடுக்காதீர்கள்

ஒரே அளவு கலோரியைச் சாப்பாட்டைக் குறைத்துக் கழித்தால் என்ன ஆகிறது, பயிற்சியால் கழித்தால் என்ன ஆகிறது என்று பெரியவர்களை வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். சாப்பாட்டைக் குறைத்தபோது உடம்பு உடனே பழிவாங்கியது: கிரெலின் ஏறியது, பிஒய்ஒய் இறங்கியது, அடுத்த வேளை அதிகம் சாப்பிட்டார்கள். பயிற்சியால் கழித்தபோது அப்படி நடக்கவில்லை. ஆகவே காலைச் சாப்பாட்டை நிறுத்துவது, ராத்திரிக்கு வெறும் சப்பாத்தி ஒன்று, ஊரில் கடை போட்டு விற்கும் எடை குறைக்கும் ஷேக் பவுடர், இவை எதுவும் வளரும் பிள்ளைக்கு வேண்டாம். பசியோடு ஓடுகிற பிள்ளை பாதியில் மயங்குவான், இல்லாவிட்டால் இரவில் சமையலறையைத் தேடிப் போவான்.

படி 8: உட்கார்ந்திருக்கும் நேரமும் தூக்கமும்

ஓடினால் பசிக்கும் என்று பயப்படும் நாம், உட்கார்ந்தால் சாப்பிடுவோம் என்று நினைப்பதில்லை. உண்மை அந்தப் பக்கம்தான் அதிகம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி எடையுள்ள 22 பையன்களை ஒரு மணி நேரம் வீடியோ கேம் விளையாடவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்த நாளைவிடப் பிறகு சுமார் 80 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பசி கூடவில்லை, சாப்பாடு மட்டும் கூடியது. மூளைக்கு வேலை கொடுக்கும் படிப்புக்குப் பிறகும் இதே மாதிரி கூடுதலாகச் சாப்பிடுவதைக் கல்லூரி மாணவிகளிடம் பார்த்திருக்கிறார்கள். அதிகாலையில் தொடங்கி இரவு பத்து வரை ஸ்டடி வைக்கும் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் ஏன் பருமனாகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு விடையாக இருக்கலாம்.

தட்டும் போனும் ஒரே நேரத்தில் கையில் இருக்கக் கூடாது. இந்த விதி அப்பாவுக்கும் பொருந்தும். படிக்கும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து மாடிப்படி இரண்டு தடவை ஏறி இறங்கட்டும். பிஸ்கட் டப்பா அந்த வழியில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

13 முதல் 18 வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் கிரெலின் ஏறும், லெப்டின் இறங்கும், இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் தேடும். நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்து, ஆறு மணிக்கு ஓடவும் விட்டால் ஓட்டத்தின் பலன் அதிலேயே போய்விடும்.

படி 9: எட்டு வாரம் கழித்து என்ன பார்ப்பது?

தினம் எடை பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை போதும், அதையும் உயரத்தோடு சேர்த்து. வளரும் பிள்ளைக்கு எடை அப்படியே நின்று உயரம் மூன்று சென்டிமீட்டர் ஏறினாலே பிஎம்ஐ இறங்கும். பயிற்சியால் மட்டும் பெரிய அளவில் எடை இறங்குவது அபூர்வம். இடுப்புச் சுற்றளவு, மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது, காலையில் எழும் விதம், இவைதான் முதலில் மாறும்.

திரும்ப ஒரு வாரம் நோட்டு எழுதச் சொல்லுங்கள். பயிற்சி நாளின் இரவுச் சாப்பாட்டையும் ஓய்வு நாளின் இரவுச் சாப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயிற்சி நாளில் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நேரமும் வேகமும் சரியாக அமைந்துவிட்டன, மாற்ற வேண்டாம். கூடியிருந்தால் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்: மாலைச் சுண்டல் தவறுகிறதா, பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி ஒரு மணியைத் தாண்டுகிறதா, வேகம் வெறும் உலாவலாக இறங்கிவிட்டதா, "இன்னிக்கு ஓடிட்டேன்ல" என்று பிள்ளை தனக்குத்தானே பரிசு கொடுத்துக்கொள்கிறானா. கடைசிக் காரணம்தான் பெரும்பாலும் அகப்படும். அப்போது ஓட்டத்தைக் கபடியாகவோ பூப்பந்தாகவோ மாற்றிப் பாருங்கள். எடைக்காகச் செய்யும் வேலையாக நினைக்கும்போது கூலி கேட்கும் மனசு, விளையாட்டாக இருக்கும்போது கேட்பதில்லை.

பிள்ளை ஒளித்துவைத்துச் சாப்பிட்டாலோ, சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாலோ, சாப்பிட்டதற்குப் பரிகாரமாக மணிக்கணக்கில் பயிற்சி செய்தாலோ, எடை பேச்சை அன்றோடு நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியின்போது மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் மறுபடி மைதானத்துக்கு அனுப்பும் முன் மருத்துவர் பார்க்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் பிஎம்ஐ ஏறிக்கொண்டே போனால் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு, கல்லீரல், தைராய்டு பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். போகும்போது நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். வெளிநோயாளி வரிசையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் நீங்கள் வாயால் சொல்ல முடியாததை மருத்துவர் அதில் படித்துக்கொள்வார்.